வாயாடி பேசிக் காட்டிய வாக்கியம்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குத்தான் மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவள், கழிவுநீரைச் சுத்தம் செய்கிற படிப்புக்காகக் கடல் தாண்டிப் போன ஊரில், ரொட்டிக் கடைக்காரி முன்னால் வாயடைத்து நின்றாள். விரலால் ரொட்டியைக் காட்டுவாள். கடைக்காரி ஏதோ கேட்பாள். இவள் மண்டையை ஆட்டுவாள். உடனே அந்த அம்மாள் ரொட்டியை இயந்திரத்தில் கொடுத்துத் துண்டு துண்டாக்கி நீட்டுவாள். இவளுக்கு வேண்டியதோ முழு ரொட்டி. அதைச் சொல்லத் தெரிந்தால்தானே! படிப்பு முடிகிறவரை துண்டு ரொட்டியையே தின்றாள்.

பாஷையைக் கற்றுக்கொள்ள என்ன கேடு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பாடம் இங்கிலீஷில் நடந்தது. அறையில் கூட இருந்த இரண்டு பெண்களும் தமிழ் பேசுகிறவர்கள். சாயங்காலத்தில் பல்கலைக்கழகமே பாஷை வகுப்பும் வைத்தது. போனாள். முதல் நாள் வாயைத் திறந்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்பதுகூட நிச்சயமில்லை. ஆனால் அதோடு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஊரில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பஸ் கண்டக்டர். படு கறார். சொந்த மச்சான் ஏறினாலும் டிக்கெட் கிழிக்காமல் விடமாட்டார். அந்த மாமா இன்றைக்கும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா ஓய்வு பெற்ற அன்று வீடு நிறைய ஆட்கள். போனில் மகளின் முகம் தெரிந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார்.

"எங்க, அந்த ஊர் பாஷையில கொஞ்சம் பேசிக் காட்டு பார்ப்போம்."

"பேசும்மா பாப்பா," என்று அப்பா போனுக்குள்ளேயே நுழைந்துவிடுகிற மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

எனக்குத் தெரியாதுப்பா என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் அது வாயில் வரவில்லை. தினமும் அவள் போகிற பஸ்ஸில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொல்லும். அர்த்தம் என்னவென்று அவள் யாரையும் கேட்டதில்லை. ஆனால் காதில் ஊறிக் கிடந்தது. அதை ராகம் பிசகாமல் எடுத்துவிட்டாள். ஒரே கைதட்டல்!

"என்னம்மா அர்த்தம்?"

"உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம், எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொன்னேம்பா." கூசாமல் புளுகினாள்.

அதோடு விட்டாரா மனிதர்? வாராவாரம் போனில் அதையே சொல்லச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் பண்ணினார். "நான் அங்க வர்றப்ப அந்த ஊர் ஆளுங்ககிட்ட நாலு வார்த்தை பேச வேணாமா?" என்பார். அவளும் சொல்லிக் கொடுத்தாள்.

பட்டமளிப்புக்கு அவர் வந்து இறங்கியபோது வாயாடிக்கு ஒரே ஒரு கவலைதான். அப்பாவை பஸ்ஸில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது. அந்தக் குரல் அவர் காதில் விழுந்தால் மானம் போயிற்று. முழங்கால் வலிக்காரரைப் போகிற இடத்துக்கெல்லாம் நடத்தியே கூட்டிப் போனாள்.

ரொட்டிக் கடையில் அவர் நெஞ்சில் கைவைத்து, அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் கடைக்காரியிடம் சொன்னார். அந்த அம்மாள் திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு குழம்பிப்போய் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"எனக்கு உச்சரிப்பு சரியா வரல போல," என்றார் அப்பா, வெளியே வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு. "நீ சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்."

வெட்கப்பட வேண்டியவள் பக்கத்தில் ரொட்டிப் பையைச் சுமந்துகொண்டு நடந்தாள்.

விழா அன்று மழை கொட்டித் தீர்த்தது. டாக்ஸி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. குடைக்குள் நடந்துவிடலாம் என்று இழுத்தவளிடம் அப்பா எரிந்து விழுந்தார்.

"ஆயுசு பூரா பஸ்ல நின்னவன் நான். என்னை பஸ்ல ஏத்த மாட்டேங்கிறியே! என்னம்மா பிடிவாதம் இது?"

ஏறினார்கள். டிரைவரைக் கண்டதும் அப்பாவுக்குச் சொந்தக்காரரைக் கண்ட பூரிப்பு. முன்னால் போய் நின்று, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னார். டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். முன் வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நம் பேச்சு எடுபட்டுவிட்டது என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. அதே வாக்கியம், அதே ராகம். படியில் நின்ற ஒருவன் உள்ளே ஏறிக்கொண்டான். கதவு மூடியது. பஸ் கிளம்பியது.

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மேலே ஒலிபெருக்கியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்திலும் குரல் வந்தது, படியில் நின்றவர்கள் நகர்ந்தார்கள், கதவு மூடியது. அவருக்கு இதற்கு மேல் யார் விளக்க வேண்டும்? வேலையில் இருந்த நாளெல்லாம் அவர் தொண்டை கிழியக் கத்தியதும் இதுதானே!

"அப்பா..."

"இறங்குற இடம் வந்தா சொல்லு," என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மண்டபத்தில் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் வந்து நின்றபோது அப்பாவின் போன் அடித்தது. பெரியப்பாதான்.

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். அந்த டிரெஸ்ஸோட நாலு வார்த்தை பேசச் சொல்லுப்பா!"

இப்போது தன் குட்டை உடைத்துவிடப் போகிறார் என்று வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சுண்ணே," என்றார் அப்பா. "பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சொந்த மச்சானைக்கூட சும்மா விடாத மனிதர்! திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. அவளுக்குத் தன்னை நினைத்தே கேவலமாக இருந்தது. மேடையில் பட்டம் வாங்கிக் கை குலுக்கியபோது பெரியவர் ஒருவர் அந்த ஊர் பாஷையில் ஏதோ அன்பாகச் சொன்னார். வழக்கம்போல மண்டையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எதிலும் மனம் ஒட்டாமல் அவள் படியிலேயே நின்றுவிட்டாள். குரல் வந்தது. அப்பா அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"படியை விட்டு உள்ள நகரும்மா. கதவு மூடப் போகுதாம்."

அந்த ஊர் பாஷையில் ஒரு வாக்கியத்துக்கு யாரோ ஒருவர் அவளுக்கு அர்த்தம் சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே நகர்ந்தாள். இறங்குகிறவரை தலையை நிமிர்த்தவில்லை.