இரண்டாவது வயருக்கு இன்னொரு சுவர்

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம், மாத்தளையில் மிளகும் கிராம்பும் வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறைக்கு நான்தான் பொறுப்பு. அறை என்பது பெரிய வார்த்தை. பழைய ஸ்டோரில் பலகை அடித்துப் பிரித்த ஒரு மூலை. அங்கே இரண்டு சர்வர்கள். ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் கணக்கு வழக்கெல்லாம் இருந்தது சுவருக்கு அப்பால், இரண்டுக்கும் பொதுவான ஒரு டிஸ்க் பெட்டியில். அதற்கு ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரே ஒரு வயர், அதுவும் ஒரே குழாய்க்குள். ஒருநாள் எலி அந்தக் குழாய்க்குள் புகுந்து இரண்டு வயரையும் கடித்துவிட்டது. இரத்தோட்டையிலும் கலேவெலயிலும் இருந்த எங்கள் கொள்முதல் நிலையங்களில் சனங்கள் மிளகுச் சாக்கோடு பின்னேரம் வரை நின்றார்கள். சர்வர்கள் இரண்டும் நல்ல சுகத்தோடு சும்மா இருந்தன.

மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெட்டிக்கு இரண்டாவது பாதை போட உடனே சம்மதித்தார். புதுக் கார்டுகள், வயர்களை இணைக்க இன்னொரு சுவிட்ச், வயர் எல்லாம் வந்தன. சுவரில் ஓட்டை போடத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

"இருக்கிற குழாய்க்குள்ளயே விடும் தம்பி. இடம் கிடக்குத்தானே."

"அதுல விட்டா எலிக்கு ஒரே நேரத்துல ரெண்டு சாப்பாடு, சேர். இது வேற சுவர் வழியாப் போகணுங்க."

துளைத்தோம். ஒரு சர்வரின் வேலையை மற்றதற்கு மாற்றி, முதலாவதை நிறுத்தி, கார்டைச் செருகி எழுப்பினேன். பிறகு அடுத்தது. யாரும் கவனிக்கவில்லை. இந்த வேலையில் கிடைக்கிற பாராட்டு அதுதான்.

இரண்டு பாதை வந்தால் சர்வருக்கு ஒரே பெட்டி இரண்டு பெட்டியாகத் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று அதற்குச் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும். அதையும் போட்டேன். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பழைய வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் மனேஜர் பயந்தார்.

"கழட்டிப் பாக்காத வரைக்கும் அது ஸ்பேர் இல்லைங்க சேர், வெறும் நம்பிக்கைதான்" என்றேன். திங்கட்கிழமை காலை என்று முடிவானது.

அந்தத் திங்கட்கிழமை நான் போய்ச் சேரவில்லை. வார இறுதியில் இரத்தோட்டைத் தோட்டத்தில் மனைவியோடு இருந்துவிட்டு வந்த என்னைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம். தமிழர்கள் தங்குமிடத்தைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; அந்தப் பதிவில் மாத்தளை வாடகை அறை. ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு விலாசம் என்று கேட்டார்கள். இரண்டும் நான்தான் என்று சொல்ல என்னிடம் மென்பொருள் இல்லை.

மாலையில் கம்பெனியின் சிங்கள டிரைவர் வந்து பேசித்தான் வெளியே எடுத்தார். மனேஜர் வரவில்லையே என்று எனக்குக் கோபம்.

"யாழ்ப்பாணத்து அட்டையோட நான் வந்திருந்தா ரெண்டு பேரும் உள்ளதான் இருந்திருப்பம்" என்றார் அவர் மறுநாள்.

அன்றைக்கே வயரைக் கழற்றினேன். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை. திரும்பச் செருகினேன். மனேஜர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்கு ரெண்டு வழி இருக்கு. உமக்கு? இந்த வேலை தெரிஞ்ச ஆள் நீர் ஒருத்தர்தான். எனக்குப் படிப்பிச்சும் பிரயோசனம் இல்லை. நானும் நீரும் ஒரே குழாய்க்குள்ள போற வயர், தம்பி."

என்னுடைய வாதம் அது.

இரண்டு கிழமையில் கலேவெலயிலிருந்து ஒரு சிங்களப் பையன் வந்தான், என் வயதுதான். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். இருக்கவில்லை. அவன் தேறியதும் மனேஜர் என்னை ஒரு வாரம் லீவில் போகச் சொன்னார்.

"கழட்டிப் பாக்க வேணும் எண்டு நீர்தானே சொன்னீர்."

தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் தடுமாறி என்னைக் கூப்பிட்டால் என் வேலை தப்பிவிடும். அந்தப் பையன் தடுமாற வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

"என்னங்க, லீவுல வந்தும் தொட்டி பக்கமே நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"கோல் வரும்."

சனிக்கிழமை கோல் வந்தது. மனேஜர்தான்.

"ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி. வடிவாப் படிப்பிச்சிருக்கிறீர்."

"சந்தோசம் சேர்" என்றேன். செய்த வேலை சுத்தமாக இருந்ததற்காக நான் அழ வேண்டிவந்தது அந்த ஒருமுறைதான்.

சோதனை முடிந்ததும் கழற்றிய வயரைத் திரும்பச் செருக வேண்டும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.