இன்று யாருக்கு வானிலை

எங்கள் அலுவலகத்தில் வானிலை என்பது செய்தி அல்ல, ஓய்வு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கான இணையதளம் எங்களுடையது. அதை நடத்துவது செகந்திராபாத் பக்கத்தில், சனத்நகரின் பழைய தொழிற்கூடங்களுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து. மாவட்டங்களிலிருந்து வரும் காணொளிகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து விழும். விபத்து, வெட்டு, தீ. எதை வெளியிடலாம், எங்கே மங்கலாக்க வேண்டும் என்று முடிவு செய்ய, யாராவது ஒருவர் அவற்றை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாக வேண்டும். சத்தத்தோடு பார்க்க வேண்டும். அடிபட்டவரின் பெயரைச் சொல்லி யாராவது கத்தியிருப்பார்கள். அந்த வீட்டுக்குச் செய்தி போகும் முன் நாங்கள் அதை வெளியே விட்டுவிடக் கூடாது.

இன்று ஃபோல்டர் பார்த்தவருக்கு நாளை வானிலை. நான்கு வரி எழுதிவிட்டு, சிறிய வேலைகளோடு பொழுதைக் கழிக்கலாம். இது எங்கள் செய்தி ஆசிரியர் கொண்டுவந்த முறை. மேலிடத்துப் பணிப் பட்டியலில் கிடையாது. வெள்ளைப் பலகையில் அவர் கையால் எழுதுவதோடு சரி. நல்ல தலைமை பற்றிப் புத்தகங்கள் நிறைய வாசித்திருக்கிறேன். ஒன்றிலாவது வானிலை வந்ததாக நினைவில்லை.

அவர் மல்காஜ்கிரிக்காரர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் பக்கமே இருந்துவிட்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். எல்லாருக்கும் அக்கா, அவரைவிட மூத்தவனான எனக்கும்தான். அவருக்கு அடுத்த பொறுப்பில் நான் இருந்தேன். அதனால் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனிக்க முடிந்தது. வானிலை எழுதுபவர்களின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஃபோல்டருக்கு எதிரே அவர் பெயர் மட்டும் மேலும் மேலும் வந்தது. தனக்கு வரவேண்டிய வானிலையை மற்றவர்களுக்கே எழுதிவிடுவார்.

இந்த ஆண்டு சித்திரை பிறந்த அடுத்த வாரம் ஒரு பேருந்து விபத்து. திங்கள் முதல் சனிவரை அவரே பார்த்தார். அந்தப் புதன்கிழமை தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்கு அவர் போகவில்லை. அடுத்த புதனும் போகவில்லை. நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து புதன்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கே அதற்காகக் கிளம்பிவிடுவார். கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திரும்ப எடுத்துப் போனார். அதே நாட்களில் மேலாளர்களின் மனநலத்துக்கென்று மேலிடம் இணையத்தில் ஒரு வகுப்பு நடத்தியது. அதைத் திரையின் ஒரு ஓரத்தில் சத்தமில்லாமல் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி ஒரு பெண் கையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் லீவு போடுங்கள் என்றேன்.

"நக்கோப்பா, வேணாம். நான் போனா இந்தப் புள்ளைங்கதான் பாக்கணும். புதுசா வந்ததுங்களுக்கு இன்னும் ராத்திரி தூக்கம்னு ஒண்ணு இருக்கு. அத வேற கெடுக்கணுமா?"

உங்களுக்கு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இப்படியே போனால் ஒருநாள் அங்கேயே விழுந்துவிடுவார், அல்லது வேலையை விட்டுவிடுவார் என்று பட்டது. இரண்டில் எது முன்னால் நடக்கும் என்பதுதான் தெரியவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய இரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் ஒரு காரியம் செய்தோம். திட்டம் தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கும் பெண்ணுடையது. அவளும் நானும் விளையாட்டுச் செய்தி பார்ப்பவரும் காலையிலேயே வந்து ஃபோல்டரை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்த நான், கடைசிக் காணொளி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். இதைத்தான் அவர் தினமும் செய்துவந்தார்.

மதியப் பணிக்கு அவர் வந்தபோது பலகையில் அவர் பெயருக்கு எதிரே வானிலை இருந்தது.

"கைக்குப்பா, எதுக்கு எனக்கு இது? எனக்கென்ன நோயா?"

"நேத்து பூரா நீங்கதான பாத்திய," என்றாள் தூத்துக்குடிப் பெண், தலையைத் தூக்காமல். "பாத்தவங்களுக்கு வானிலை. நீங்க வச்ச சட்டம்தான் அக்கா."

அவர் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வெளியே, இங்கே கோடையில் வருவதுபோல, திடீரென்று இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. தகரக் கூரைகளின் மேல் அது விழும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எழுதினார். எழுதியதைத் தானே வெளியிட்டார். சென்னையில் இடியுடன் கூடிய மழை, வெப்பம் தணிந்து மக்கள் மகிழ்ச்சி.

சென்னை கொதித்துக்கொண்டிருந்தது. எந்த ஊர் மழைங்க இது, பார்சல்ல அனுப்புங்க, என்று ஒருவர் கருத்துப் பகுதியில் எழுதினார். பின்னாலேயே நூற்றுக்கணக்கானவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடாத மனிதர் அவர். மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது.

அவர் மேலே போயிருந்த நேரத்தில் எங்கள் மூவருக்கும், ஓய்வு என்று நினைத்துக் கொடுத்தது அவர் வேலைக்கே உலை வைத்துவிட்டதோ என்று பயம்.

திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செய்தி ஆசிரியரா இருந்துட்டு நீங்க எதுக்கு வானிலை எழுதுறீங்கன்னு மேலாளர் கேட்டாரு. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்னுதான் போனேன். வாயில வரல. களைப்பா இருக்கு சார்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. அப்புறம், எனக்கும்தான்னாரு."

மேலாளர் நான்கு நாள் விடுப்புக் கொடுத்தார். இனி ஃபோல்டரை எல்லாரும் முறை வைத்துப் பார்க்கட்டும் என்றார். அதே மூச்சில், இந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது என்பதால் வானிலையை இனி மென்பொருளே எழுதும் என்றும் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு வானிலை எழுதக் கொடுக்க அவருக்கு மேலே யாரும் இல்லை, அவ்வளவுதான். எங்களுக்கு இருந்த ஒரே ஓய்வும் போயிற்று.

அந்த நான்கு நாளும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். விளையாட்டுக்காரர் இரண்டாம் நாள் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் அவருக்குக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை.

ஞாயிறு கழித்து அக்கா வந்தார். முகம் முழுதாகத் தெளிந்திருந்தது என்று சொல்ல முடியாது. விளையாட்டுக்காரர் பற்றிச் சொன்னேன். எழுந்து போய்ப் பலகையில் வானிலையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மேட்டூர் என்று எழுதினார். மேட்டூர் அணையின் அன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். மூன்று வரி. மென்பொருளின் கண் இன்னும் அதன்மேல் விழவில்லை.

வியாழக்கிழமை ஃபோல்டர் அவர் முறை. வெள்ளிக்கிழமை நான் வந்தபோது, மேட்டூருக்கு எதிரே அவர் பெயர் இருந்தது. வேறு யாரும் எழுதவில்லை; அவருடைய கையெழுத்துதான்.

மூன்று வரியை எழுதி முடித்து, திரையை என் பக்கம் திருப்பினார்.

"ஊர் சரியா இருக்கா பாருப்பா."

இரண்டு முறை வாசித்தேன். சரியாக இருந்தது.