முன் சீட்டும் புதுக் கண்ணாடியும்

பெற்ற அம்மாவின் மேலேயே ஒருத்திக்கு வயிற்றெரிச்சல் வருமா என்று கேட்டால், வரும். எனக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. இடம், மீனம்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு விமானக் கொட்டகை.

அப்பா அங்கே மெக்கானிக். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வருவார். கொட்டகையில் நாலு பேர் உட்காரக்கூடிய பழைய சின்ன விமானம் ஒன்று நின்றது. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த பணக்காரர் ஒருவருக்குச் சொந்தம். அவர் அம்மாவின் தாய்மாமன் மகன், நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் அப்பாவை 'மச்சான்' என்பார். அப்பாவோ அவரை 'சார்' என்பார். உறவு சொல்லிக் கூப்பிடக்கூடத் தெரியவில்லையே இந்த அப்பாவுக்கு என்று எனக்கு வெட்கமாக இருக்கும். ஒருநாள் மாமாவைப் பற்றிய பேச்சில் அத்தை, "அவனுக்குத்தான் இவளக் கட்டிக் குடுக்கறதா இருந்தது" என்று ஆரம்பித்தவள், நான் நிற்பதைப் பார்த்ததும் முருங்கைக்கீரை விலைக்குத் தாவிவிட்டாள். எனக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. என் அக்கறையெல்லாம் விமானத்தின் மேல்தான்.

அதன் முன்கண்ணாடி மஞ்சளடித்து, உள்ளுக்குள் நரம்பு நரம்பாக விரிசல் விட்டிருந்தது. சாயங்கால வெயிலில் இறங்கும்போது ஓடுபாதையே தெரிவதில்லை என்று மாமா சொல்ல, அப்பா புதுசு மாட்ட ஆரம்பித்தார். பழையது நடுவில் பட்டை வைத்து இணைத்த இரண்டு துண்டு. புதியது ஒரே துண்டு, தடிமனும் அதிகம். கண்ணாடி என்று சொல்வதுதானே தவிர, அது ஒருவகை பிளாஸ்டிக். தூசியோடு துடைத்தாலே கீறிவிடும். அதனால் அதைத் தொடுவதற்கு முன் அப்பா கைக்கடிகாரத்தையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தண்ணீர் விட்டு அலசி, நனைத்த மெத்துத் துணியால் மேலும் கீழுமாக மட்டும் துடைப்பார். வட்டமாகத் துடைத்தால் வெயிலுக்கு எதிரே பறக்கும்போது வட்டம் வட்டமாக மின்னுமாம். அதில் யாராவது விரல் வைத்துவிட்டால் தொலைந்தார்கள்.

மாட்டி முடித்த ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் என்னையும் கூட்டிப்போனார். தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க உள்ளே ஓர் ஆள் உட்கார வேண்டும். என்னை முன்பக்கத்து வலது சீட்டில் உட்காரவைத்து, வெளியே ஏணியில் நின்று வாளி வாளியாக ஊற்றினார். "ஒழுகுதா?" என்று அவர் கேட்பதும் "ஒழுகல" என்று நான் கத்துவதுமாக, நான் அங்கிருந்தபடியே இலங்கை வரைக்கும் பறந்து திரும்பிவிட்டேன். வேலை முடிந்த பிறகும் நான் இறங்குவதாக இல்லை.

"இன்னா பாப்பா, உள்ளயே குடித்தனம் பண்ணிடுவ போலக்கீது?" என்று சிரித்தார் வாட்ச்மேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழம சார் ஓட்டிப் பாப்பாரு. அப்புறம் கேட்டு உன்ன இதே சீட்ல ஒரு ரவுண்டு அனுப்பறேன்" என்றார் அப்பா. போதாதா? அந்த வாரம் முழுக்க வகுப்பில் நான் தரையில் நடக்கவில்லை.

நான் பறப்பதைப் பார்க்க அம்மாவும் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கும் நீல நைலக்ஸ் புடவை. எனக்காகத்தான் என்று பெருமைப்பட்டேன். மாமா முதலில் தனியாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கி, கண்ணாடி பிரமாதம் என்று அப்பாவின் முதுகில் தட்டினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குட்டிக்கு பெல்ட் நிக்காது மச்சான். அடுத்த வருஷம் பாக்கலாம்." அப்படியே அம்மா பக்கம் திரும்பி, "நீ வாயேன். சின்ன வயசுல ஆசப்பட்டியே" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்பானரைப் பார்த்தார். "போயிட்டு வா. பின் சீட்ல உக்காரு. முன்னாடி வெயில் அடிக்கும்" என்றார்.

ஒரு பேச்சுக்காவது 'குழந்தை ஆசைப்பட்டது, நான் வரல' என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பெண் மாதிரி பின் சீட்டில் ஏறிவிட்டாள். விமானம் ஓடுபாதையின் கோடிக்கு உருண்டு போய், அங்கே சற்று நின்று, கிளம்பியது. விமானம் விழக்கூடாது, ஆனால் அம்மாவுக்கு வாந்தி வரவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டேன்.

வாந்தி வரவில்லை. விமானம் திரும்பி வந்து நின்ற இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இறங்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பிடிக்காமல் விமானத்தைப் பார்த்தேன். புதுக் கண்ணாடியின் உள்பக்கம், வலது ஓரத்தில், பளிச்சென்று ஒரு விரல் அடையாளம். எதையோ சுட்டிக்காட்டி அழுத்திய விரல். பின் சீட்டிலிருந்து கை அவ்வளவு தூரம் எட்டாது. எனக்குத் தெரியாதா அந்த இடம்!

"அப்பா, இங்க பாருங்க! அம்மா முன்னாடிதான் உக்காந்திருக்கா. என் சீட்ல!"

அம்மாவின் சிரிப்பு நின்றது. "வீடு தெரிஞ்சுது... அதக் காட்டினேன்" என்றாள். இன்றைக்கு மாட்டிக்கொண்டாள், நல்ல திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அப்பா கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார். துணியை நனைத்துக்கொண்டு உள்ளே ஏறித் துடைக்க ஆரம்பித்தார். அடையாளம் உடனே போய்விட்டது. அவர் மட்டும் மேலும் கீழுமாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமா ஏதோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில், மாடம்பாக்கம் கோயில், ஏரி, நம் வீட்டு மொட்டைமாடி என்று அம்மா மேலிருந்து கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். குரோம்பேட்டை வந்தபோது அவள் கண் அப்பாவின் விரலில் போய் நின்றது.

"ஏங்க, மோதிரம் எங்க?"

"பாக்கெட்ல இருக்கு" என்றார் அப்பா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

பாவம், அவருக்கும் பறக்க எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவள் காதில் விழாமல், "விடுங்கப்பா, அடுத்த வருஷம் நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்" என்றேன்.