வயிற்றுக் கட்டு

எங்கள் பகுதியில் பிரசவமான பெண்ணின் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, விலாவுக்குக் கீழிருந்து இடுப்புவரை சுற்றி, முதுகில் முழங்காலைக் கொடுத்து இழுப்பார்கள். எனக்கு இழுத்தது மாமியார். தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், மூன்றாவது பிள்ளை பிறந்த சமயம்.

“மூச்சு முட்டுது மாமி.”

“முட்டட்டு. வயிறு சாடித் தொங்கிப்போனா பெறவு கெடந்து அழாத.”

நாற்பது நாள் ஆனதும் கட்டை அவிழ்ப்பது வழக்கம். அதற்குள்ளேயே எனக்கு அது தொடங்கிவிட்டது. கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றியபோது கீழே ஏதோ நழுவியது. குளிக்கும்போது தொட்டுப் பார்த்தேன். பிள்ளை வந்த வழியில், வழவழப்பாக, கோழிமுட்டை அளவில் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. குடல் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். மூத்திரம் வரும் வழி வேறு, பிள்ளை வரும் வழி வேறு என்பதுகூட மூன்று பெற்றவளான எனக்கு அன்று தெரியாது. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர், “இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

கட்டு தளர்ந்ததால்தான் உள்ளே இருப்பது இறங்குகிறது என்று நானே முடிவு செய்தேன். எல்லோரும் அவிழ்க்கும் நாள் கடந்தும் நான் அவிழ்க்கவில்லை. துணியின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் முடிந்து, மறுநுனியை வயிற்றில் வைத்து, சுழன்று சுழன்று கம்பியருகே வருவேன். அப்படி இறுக்கினால் ஆண்பிள்ளை இழுத்தது போல இருக்கும். இறுக்க இறுக்க அது இன்னும் இறங்கியது. இறங்க இறங்க இன்னும் இறுக்கினேன்.

கணவர் திருவனந்தபுரத்தில் தங்கிக் கொத்தனார் வேலை பார்த்தார். சனிக்கிழமை வருவார். நான் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வேன்.

“ஏட்டி, நான் என்ன விருந்துக்காரனா? தனியா பாய் போட்டுத் தாற” என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஒனக்க மனசுல வேற ஆளு உண்டுமா?” என்று கேட்டார்.

அது இறங்கிக் கிடந்த இடத்துக்கு உள்ள பெயரை நான் வசவில் மட்டும்தான் கேட்டிருந்தேன். அதை எப்படி வாயில் எடுப்பது? தண்ணீர் கோரும்போது கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. பால் குடிக்கிற பிள்ளை இருந்ததால் திரும்பி வந்தேன்.

அந்தப் பிள்ளையின் ஞானஸ்நான நாளில் பட்டுச்சேலைக்குள் வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினேன். ஆராதனை முடியும்வரை கோயிலில் நின்றேன். வீட்டுக்கு வந்தால் மூத்திரம் போகவில்லை. மற்ற நாட்களில் விரலால் அதை மேலே தள்ளினால் போகும். அன்று தள்ளியும் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. முற்றத்தில் விருந்து நடக்க, குளியலறையில் குந்தி இருந்து சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதேன். மாமியார் தேடி வந்தார்.

“என்ன பிள்ள இது? எல்லாரும் ஒன்னக் கேக்குதாவ.”

“மூத்திரம் போவல்ல மாமி. கீழ ஒண்ணு இறங்கிக் கெடக்கு. நான் செத்திருவேன்.”

அவர் திடுக்கிடவில்லை. கதவைச் சாத்தினார். “எனக்கும் உண்டு மக்கா,” என்றார். “ஒனக்க மாப்பிள்ள பெறந்தப்பம் தொட்டே உண்டு. கெட்டிக்கிட்டுத்தான் நடக்கியேன். பெண்ணுங்களுக்கு உள்ளதாக்கும்.”

அது எனக்கு ஆறுதலாக இல்லை. என் கணவரின் வயது எத்தனையோ, அத்தனை வருடமாக இவர் இதோடு நடக்கிறார். எனக்கும் அத்தனை வருடம் கிடக்கிறது. செத்துப்போவேன் என்ற பயத்தைவிட, சாகாமல் இப்படியே இருப்பேன் என்ற பயம் பெரிதாக இருந்தது.

கேட்டவர்களிடம் “வயித்துவலி” என்று சொல்லிவிட்டு, மாமியாரே என்னை ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தார். வலி போன சுகத்தில் சத்தம்போட்டு அழுதேன். பிறகு டாக்டர் என் வயிற்றுக் கட்டைத் தடவிப் பார்த்து, “ஆரா இது கெட்டியது?” என்று மலையாளத்தில் அதட்டினார். இறங்கியது குடலல்ல, கர்ப்பப்பை என்றார். கீழே தாங்கும் தசை பிரசவத்தில் தளர்ந்திருக்கிறது. மேலே இறுக்கினால் அது கீழேதான் தள்ளும் என்றார். உள்ளே தள்ளி வைத்து, தாங்குவதற்கு ஒரு ரப்பர் வளையம் போட்டார். குடம் தூக்கக் கூடாது, மூத்திரத்தை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கிப் பழக வேண்டும், வளையத்தைப் பார்க்கத் திரும்ப வர வேண்டும் என்றார்.

“டாக்டரே, வெளிய மாமி உண்டு. அவியளுக்கும் இதுதான்,” என்றேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது.

நர்ஸ் போய்ப் பார்த்தபோது பெஞ்சில் ஆளில்லை. நான் மெல்ல நடந்து வெளியே வந்தேன். மாமியார் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க மாமி, டாக்டர் ஒங்களையும் பாப்பாவ.”

“எனக்கு இனி என்னத்துக்கு? இந்த வயசுல ஒருத்திக்கு முன்ன துணியப் பொக்கிக் காட்டணுமா?”

“கெட்டுனதுதான் கெடுத்தது மாமி. இறுக்குனா இன்னும் இறங்குமாம்.”

அவர் என்னையே பார்த்தார். “அப்பம் நான் இத்தற வருசமும்...” என்று தொடங்கி நிறுத்தினார். கையைப் பிடித்து இழுத்தேன். விடுவித்துக்கொண்டார். “பிள்ள பாலுக்கு அழும். ஏறு,” என்று சொல்லி முதலில் ஆட்டோவில் ஏறினார்.

வழியெல்லாம் குண்டும் குழியுமான ரோடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமியார் அடிவயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்தார்.