மாவடு ஜாடியில் பூஞ்சை

மனைவி வைதேகி ஆடியில் காலமான பிறகு, ஸ்ரீனிவாசராகவனின் சாப்பாடு தயிர் சாதமும் மாவடுவுமாகச் சுருங்கிவிட்டது. பங்குனியில் அவள் போட்டு வைத்த ஜாடி. வேளைக்கு ஒன்றுதான் எடுப்பார். அது தீர்ந்தால் அந்த ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்டில் அவள் கையால் செய்தது வேறு எதுவும் மிச்சமில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ஜாடியைத் திறந்தார். மேலே மிதந்த வடுக்களின் மீது சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. உடனே மச்சினி விஜயலக்ஷ்மிக்குப் போன் செய்தார். மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் தாவரவியல் டீச்சர் அவள். சாயங்காலம் வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஈரக் கையோட தொட்டேளா, அத்திம்பேர்?”

“சாதம் தொட்ட கை பத்து இல்லையோ, அலம்பாம வேற எதையும் தொடப்படாதே? ஒவ்வொரு தரமும் அலம்பிண்டுதான் ஜாடியத் தொட்டேன்.”

“அலம்பிண்டேள், சரி. துடைச்சுண்டேளா?”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆசாரம் பார்த்தே ஊறுகாயைக் கெடுத்தவர் நீங்க ஒருத்தர்தான்” என்று சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “பூஞ்சையோட வித்து காத்துல எப்பவும் இருக்கும். உப்பு தூக்கலா இருந்தா முளைக்காது. நீங்க சொட்டின ஜலத்துல மேலாப்ல உப்பு குறைஞ்சுடுத்து. மழைக்கால ஈரம் வேற.”

“மேல இருக்கறதை மட்டும் வழிச்சுட்டா?”

“வேர் மாதிரி உள்ள இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எல்லாத்தையும் கொட்டிடுங்கோ.”

“உங்கக்காவும் பத்து பார்த்தவதானே? அவ இருந்தவரைக்கும் கெடலையே.”

“சாதம் போடறதுக்கு முன்னாடியே, காஞ்ச கையோட தட்டுல ஊறுகாயை வெச்சுடுவா. நீங்க பார்த்ததில்லையா?”

பார்த்ததில்லை. தட்டு வரும்போது ஓரத்தில் ஊறுகாய் இருக்கும். அது எப்போது அங்கே வந்தது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“எங்காத்துலேர்ந்து கொஞ்சம் கொண்டு வரேன்.”

“வேண்டாம்மா.”

அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள். ஸ்ரீனிவாசராகவன் கதவைச் சாத்திவிட்டு ஜாடியைக் குப்பை வாளியில் கவிழ்த்தார். அடியில் ஒரே ஒரு வடு ஒட்டிக்கொண்டு நின்றது. காம்போடு, பஞ்சு படாமல் முழுசாக இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். கடுகும் மிளகாயும் மணக்கவில்லை. நனைந்த சுவரின் வாடைதான் வந்தது.

அதையும் வாளியில் போட்டார்.