யோகலிங்கம் மாஸ்டரின் ஐந்து காரணங்கள்

1989 ஜூலை 12, புதன்கிழமை. லண்டனில் வேலைநிறுத்தம்: ரயில் இல்லை, பாதாள ரயில் இல்லை, பஸ் ஓடுகிறதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. யோகலிங்கம் காலை ஆறரைக்கு ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து நடக்கத் தொடங்கி, ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹோல்போனில் தான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பின்கதவைத் தட்டினார். வயது ஐம்பத்து மூன்று. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டே நாள். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இரண்டு கடிதத்துக்கும் காரணம் ஒன்றே. பேச்சு.

அந்த அருங்காட்சியகத்தில் காவலர்களுக்குச் சட்டம் தெளிவாக இருந்தது. சாம்பல் நிறச் சீருடை போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். 'தொடாதீர்கள்' என்று சொல்லலாம். கழிப்பறைக்கு வழி காட்டலாம். மற்றதெல்லாம் கல்விப் பிரிவின் வேலை. இந்தச் சட்டத்தோடு யாரும் சமாளிக்கலாம், யோகலிங்கத்தைத் தவிர. அவர் யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். காலையில் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரெஞ்சுப் புரட்சி, பின்னேரம் டியூட்டரி என்ற தனியார் வகுப்பில் இன்னொன்று. பதினாறாம் லூயிக்கு அவர் வகுப்பில் வருடத்துக்கு இரண்டு தரம் தலை போனது.

லண்டனுக்கு வந்து பெட்ரோல் நிலையத்தில் நின்றார். பிறகு ஒரு குளிர்க்கிடங்கில் கோழி பொதிசெய்தார். ஜனவரியில் இந்த வேலை கிடைத்தது. புரட்சியின் இருநூறாவது ஆண்டு என்று அருங்காட்சியகம் இரண்டு அறை நிறையப் பிரான்ஸைக் கொண்டுவந்து வைத்ததும் அதே வருடம்தான். கேலிச்சித்திரங்கள், புரட்சித் தொப்பி வரைந்த தட்டுகள், விசிறிகள், பஸ்தீல் சிறையின் கல்லிலேயே செதுக்கிய பஸ்தீலின் சிறு மாதிரி. அவரை இவற்றுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, வாயைத் திறக்காதே என்றார்கள்.

ஏப்ரலில் ஒரு அமெரிக்கத் தம்பதி, முதுகில் பாதிரியாரையும் பிரபுவையும் சுமக்கும் குடியானவனின் படத்தைப் பார்த்து, சர்க்கஸ் போலிருக்கிறது என்று சிரித்தது. இருபது நிமிடம் விளக்கினார். முதல் கடிதம். மே மாதம் ஒரு விளக்க அட்டையில் ஆண்டு பிழை என்று ஒரு பள்ளி ஆசிரியையிடம் சொன்னார். பிழைதான். அட்டையைத் திருத்தினார்கள், கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை.

அன்று காலை மனைவி பாலாம்பிகை சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் ரெண்டு நாள்தான். ஆர் என்ன கேட்டாலும் டொய்லெட் அந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"அரசனைப் பற்றிக் கேட்டால்?"

"அவரும் டொய்லெட்டுக்குப் போகட்டும்."

பன்னிரண்டு மணிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. புதன்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு ஒரு இலவசப் பேருரை உண்டு. அன்றைய தலைப்பு, புரட்சி ஏன் வந்தது. பேச வேண்டியவர் ரெடிங்கிலிருந்து போன் செய்தார்: ரயில் இல்லை, வர இயலாது. கல்விப் பிரிவை நடத்தும் மிஸ் ஆல்டனும் வந்து சேரவில்லை. ஆனால் சனம் வந்துவிட்டது. மடக்கு நாற்காலிகளில் நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். முக்கால்வாசிப் பேர் நடந்தே வந்தவர்கள்.

தலைமைக் காவலர் பென்ரோஸ் யோகலிங்கத்தைக் கூப்பிட்டார். "போய், கூட்டம் ரத்து என்று சொல்லிவிட்டு வாரும். அவ்வளவுதான்."

யோகலிங்கம் போனார். சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேம்பர்வெல்லிலிருந்து நடந்து வருகிறேன். என்ன சொல்லப்போனார் என்றாவது யாராவது சொல்லக்கூடாதா?"

பக்கத்து அறை வாசலில் நின்ற கிறிஸ்துராஜாவுக்கு அடுத்து நடக்கப்போவது தெரிந்துவிட்டது. அவரும் காவலர்தான், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். "மாஸ்டர்! வேண்டாம் மாஸ்டர்! வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ!" என்று தமிழில் கத்தினார்.

யோகலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் ஐந்து" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

தொடங்கியது அவர். தொடர்ந்தது பழக்கம். அவர் வாழ்நாளில் பேருரை ஆற்றியவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் புத்தகம் தட்டுப்பாடு, ஆசிரியர் சொல்லும் நோட்ஸ்தான் புத்தகம். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும், முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. கமா வந்தால் கமா என்றும் சொல்ல வேண்டும். "முதலாவது, சமூகக் காரணம். அடிக்கோடு. பிரான்சிய மக்கள் மூன்று வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர், கமா..." இரண்டாவது காரணத்தை முடித்து "முற்றுப்புள்ளி, புதிய பந்தி" என்று சொன்ன பிறகுதான் தன் காதில் தன் குரலே விழுந்தது. லண்டனில், வளர்ந்த நாற்பத்தொரு வெள்ளைக்காரருக்கு அவர் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டு நிறுத்தினார்.

அறையில் பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

எழுதிக்கொண்டிருந்தார்கள். துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில், பேப்பர் ஓரத்தில், ஒருவர் சட்டைக் கையில். கேம்பர்வெல் கிழவி கையை உயர்த்தினார். "இரண்டாவதை இன்னொரு தரம் சொல்வீர்களா?"

"நிச்சயமாக." யோகலிங்கத்துக்கு உயிர் வந்தது. நாற்காலிகளுக்கிடையே நடக்கத் தொடங்கினார். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவானின் தாளை எட்டிப்பார்த்தார். "ஓரம் விட்டு எழுதுங்கள்."

"மன்னிக்கவும் ஐயா."

"இந்தக் கேள்வி 1971-இல் வந்தது, 74-இல் வந்தது. இந்த முறையும் வரும்." எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஐந்தாவது, உடனடிக் காரணம்: பாண், அதாவது ரொட்டியின் விலை. அந்த இடத்தில் மட்டும் அவர் குறிப்பை விட்டு விலகினார். விடியமுன் பாணுக்கு வரிசையில் நிற்பது எப்படியிருக்கும், கடை திறக்காது என்ற செய்தி வரிசையின் தலையிலிருந்து வாலுக்கு எப்படி வந்து சேரும் என்று சொன்னார். எந்த ஊர் வரிசை என்று சொல்லவில்லை. அந்தப் பகுதியை யாரும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாரிஸில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"நான் பாரிஸுக்குப் போனதில்லை."

வாசலில் பென்ரோஸ் கைகட்டி நின்றார். அவருக்குப் பக்கத்தில், யாருடையதோ சைக்கிளை மிதித்து வந்து வியர்த்துப்போன மிஸ் ஆல்டன். அவரும் எழுதிக்கொண்டிருந்தார்.

"வீட்டுப்பாடம் உண்டா?" என்று கேம்பர்வெல் கிழவி கேட்டார்.

"உண்டு. இந்த ஐந்தில் எது முதன்மையானது? ஆராய்க. அடுத்த புதன்கிழமை கொண்டுவாருங்கள்." சொல்லி முடித்த பிறகுதான், அடுத்த புதன்கிழமை தனக்கு இங்கே வேலை இருக்குமா என்ற நினைப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை, ஜூலை 14, அவர் பெயருக்கு இரண்டு உறைகள் காத்திருந்தன. ஒன்று பென்ரோஸினுடையது: விதிமுறைப்படி காவலர் பணி இன்றோடு முடிகிறது. மற்றது மிஸ் ஆல்டனுடையது: புதன்கிழமைப் பேருரையை இனி நீங்கள் நடத்த முடியுமா?

கிறிஸ்துராஜா இரண்டையும் வாங்கி வாசித்தார். "கிழமைக்கு ஒரு நாள், மாஸ்டர். மிச்ச நாளுக்கு என்ன செய்யப்போறியள்?"

"கோழிக் கிடங்கிலை கேட்டுப் பாக்கிறன். புதன்கிழமை ஏலாது எண்டு முதலே சொல்லிப்போடுவன்."

"மனிசிக்கு என்ன சொல்லுவியள்?"

"அதுதான் யோசிக்கிறன்."

பாலாம்பிகை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், புதன்கிழமைக்குப் போட ஒரு சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். அந்தப் புதன்கிழமை ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். இருபத்திரண்டு பேர் விடை எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். திருத்தி முடிக்க அவருக்கு அந்த வாரக்கடைசி முழுவதும் எடுத்தது.