வாயைப் பார்த்து எழுதியவன்

இன்று காலை டிராமுக்காக நின்றபோது, எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் ஒரு துரை பேசிக்கொண்டிருந்தார். குரல் வெளியே வரவில்லை; தாடை மட்டும் ஏறி இறங்கியது. கல்கத்தாவுக்கு வந்த புதிதில் இப்படியொரு தாடையைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம்.

பவானிப்பூர் மெஸ்ஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் வைத்தி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஒரு கம்பெனியில் தற்காலிக குமாஸ்தா. துரை வாசிப்பதைக் கேட்டுப் பிழையில்லாமல் எழுதும் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். ஊரிலிருந்து மனைவியை அழைத்துக்கொள்ளலாம். இலக்கணத்தில் அவன் புலி. உயிரொலிகள்தான் காலை வாரின. நம்மிடம் 'அ' குறில், 'ஆ' நெடில் என்று இரண்டே பாத்திரம். இங்கிலீஷ்காரனின் நாலைந்து 'ஆ'வையும் அதிலேயே ஊற்றிக்கொள்கிறோம். பூனை, வெட்டு, கட்டில், வண்டி: இவற்றுக்கு அவர்கள் சொல்லும் cat, cut, cot, cart என்ற சொற்களைப் பிரித்து எழுதிக்காட்டக்கூடத் தமிழில் வழியில்லை.

"எல்லாம் ஒரே மாதிரிதான்டா காதுல விழறது," என்பான்.

"காதை விடு. வாயைப் பாரு."

பூனைக்கு உதடு பக்கவாட்டில் இழுபடும், கட்டிலுக்குக் குவியும், வெட்டுக்குத் திறந்தும் திறக்காமலும் நிற்கும். கீழே கடுகெண்ணெய் காயும் நெடியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாலைதோறும் நான் வாயைக் கோணிக் காட்டுவேன். பக்கத்து அறை வங்காளி பாபு எட்டிப் பார்த்து, "என்ன தாதா, பல்வலியா?" என்று கேட்டார்; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். சீக்கிரமே வைத்தி ஒன்றைக்கூடத் தப்பவிடாமல் எழுதினான். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பரீட்சை வைத்த துரை, எழுதுகிறவர்களுக்குப் பின்னால் உலாவிக்கொண்டே வாசிக்கிறவர். துரைமார் பலருக்கும் அதுதான் வழக்கம். எனக்குத் தெரியாததல்ல, நினைத்துப் பார்க்கவில்லை. வைத்தி திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான். பக்கத்துத் தாளைப் பார்க்கிறான் என்று எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். இருந்த வேலையும் போயிற்று.

"உன் வித்தையிலே குத்தமில்லேடா," என்றான் மெஸ் வாசலில். "தொரைதான் வாயை என் முதுகுக்குப் பின்னால வச்சுண்டுட்டார்."

திட்டியிருந்தால் தேவலை.

இப்போது கிடர்பூர்த் துறைமுகத்தில் ஹிந்தியில் மூட்டை எண்ணுகிறான். மனைவி இன்னும் ஊரில். மெஸ்ஸும் கலைந்துவிட்டது, எங்கள் அறையில் யாரோ தையல் மெஷின் போட்டிருக்கிறார். இங்கிலீஷில் ஒரு வரிகூட அவன் இப்போது வாய்விட்டுப் படிப்பதில்லையாம்.

வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கிடர்பூர் போகப்போகிறேன். நடுவே ஒரு வேட்டியைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கமிருந்து வாசிப்பேன். அவன் காதை மட்டும் நம்பி எழுதட்டும். அவன் முகம் எனக்கும் தெரியாது. வாசிக்க அதுதான் சௌகரியம்.